ஒரகடம் ரோட்டுல சைக்கிளா? ஏறுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

சிங்கப்பெருமாள் கோவில்ல ரூம் எடுத்துத் தங்கி ஒரகடம், மறைமலை நகர், மஹிந்திரா சிட்டின்னு வேலைக்குப் போற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இது. கம்பெனி பஸ் வாசலுக்கு வர்றவங்க பாட்டுக்குத் தூங்கிக்கிட்டே போகலாம். கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்க, கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, சின்னச் சின்ன ஒர்க் ஷாப்ல இருக்கிறவங்க, இவங்களுக்குத்தான் சைக்கிள்.

உனக்கு நேரமில்லைன்னு தெரியும். அதனால சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடறேன். சைக்கிள் நல்லது, ஜி.எஸ்.டி. ரோடு நல்லதில்லை. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதே. சைக்கிளே ஆபத்துன்னு பயந்து மாசா மாசம் பெட்ரோல் பங்க்ல அழறது ஒரு தப்பு. 'எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்'னு ட்ரெய்லர் பக்கத்துல உரசிக்கிட்டுப் போறது இன்னொரு தப்பு. முதல் தப்பு பணத்தோட போயிடும்.

முதல்ல லாபக் கணக்கு

இங்கேருந்து ஒரகடம் ஏறக்குறைய பன்னெண்டு கிலோமீட்டர். பைக்ல போயிட்டு வந்தா அரை லிட்டர் பெட்ரோல், அதாவது ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் பக்கம். மாசம் இருபத்தஞ்சு நாள் வேலைன்னா 1,250 ரூபாய். இ.எம்.ஐ., இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், யாரும் ஓரங்கட்டச் சொல்லி ஃபைன் போட மாட்டாங்க.

உடம்புக்கும் லாபம். பிரிட்டன்ல ரெண்டரை லட்சம் பேருக்கு மேல வச்சுப் பார்த்து 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சைக்கிள்ல வேலைக்குப் போறவங்க அந்த ஆய்வு நடந்த வருஷங்கள்ல சாகற வாய்ப்பு, கார்லயும் பஸ்லயும் போறவங்களைவிட 41 சதவீதம் குறைவா இருந்துது. இதை மட்டும் கேட்டுட்டுத் துள்ளாதே. அதே மக்களை வச்சு 2020-ல வந்த இன்னொரு ஆய்வு, சைக்கிள்காரங்க காயம்பட்டு ஆஸ்பத்திரியில சேர்ற வாய்ப்பு 45 சதவீதம் அதிகம்னு சொல்லுது. அது அவங்க ஊர் ரோடு. நம்ம ரோட்டை நீயே பார்க்கிறே.

பொண்ணுங்களுக்கு இன்னொரு லாபம் இருக்கு, அதைக் காசுல சொல்ல முடியாது. 1990-களோட ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில வேலை செஞ்சவங்க, வயல்ல வேலை செஞ்சவங்க எல்லாம் அண்ணன் தம்பி கொண்டு வந்து விடணும்னு காத்துக்கிட்டு இருக்காம கிளம்பிப் போனாங்க. உன் பாட்டி வயசுக்காரங்க அந்த வெயில்ல பழகினது. நீ ஆட்டோவுக்கு நின்னு முகத்தைச் சுளிக்காதே.

புது சைக்கிள் வாங்கணும்னு உடனே கடைக்கு ஓடாதே. அரசுப் பள்ளியில பிளஸ் ஒன்ல ஒரு சைக்கிள் கொடுத்திருப்பாங்களே, ஊர்ல திண்ணை ஓரமா சாய்ஞ்சு துரு ஏறிக் கிடக்குமே, அதைக் கொண்டு வந்து ஓவராயில் பண்ணு. டயரும் பிரேக் கட்டையும் மாத்தினா இந்த வேலைக்கு அது போதும். இருபத்தோரு கியர் வச்ச சைக்கிள் எல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில ஈ.சி.ஆர். போறவங்களுக்கு. அதை ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல விட்டா சாயங்காலம் இருக்குமான்னு கவலைப்பட்டுக்கிட்டே வேலை பார்க்கணும்.

இனி கட்டளைகள்

1. சைக்கிளைப் பார்க்கறதுக்கு முன்னாடி வழியைப் பாரு. முழுத் தூரமும் மிதிச்சாத்தான் வீரம்னு யார் சொன்னா? மஹிந்திரா சிட்டியில வேலைன்னா ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், அங்கேருந்து ரயில்ல ஒரே ஸ்டாப், பரனூர். மறைமலை நகர்னா எதிர்ப் பக்கம் ஒரே ஸ்டாப். ரயில்ல போற அந்த நாலு கிலோமீட்டர்தான் ஜி.எஸ்.டி. ரோட்டுல உன் உயிரைக் கேட்கற நாலு கிலோமீட்டர். சீசன் டிக்கெட் எடுத்து வச்சுக்கோ.

ஒரகடம் பக்கம் போறவங்களுக்கு ரயில் கிடையாது. திருக்கச்சூர், ஆப்பூர் பக்கம் ஊருக்குள்ள போற சாலைகள் இருக்கு. எது எங்கே முட்டும், எங்கே மழைத்தண்ணி நிக்கும்னு கூகுள் மேப் சொல்லாது, அந்த ஊர்ல பால் ஊத்தறவரைக் கேளு. பத்து நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும். மெயின் ரோட்டைத் தவிர வழியே இல்லாத இடத்துல வேலைன்னா அந்தத் தூரத்துக்கு டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோதான். அங்கே பத்து ரூபா மிச்சம் பிடிக்காதே.

எந்த வழியானாலும் வேலைக்குப் போற முதல் நாள் அன்னிக்கே சோதிக்காதே. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை போய்ப் பாரு. எங்கே குழி, எங்கே நாய், எந்த வளைவுல மணல் கொட்டிக் கிடக்குன்னு பகல்ல தெரிஞ்சுக்கிட்டாத்தான் இருட்டுல கை தானா வேலை செய்யும்.

2. பெரிய வண்டிக்கு இடது பக்கம் போகவே போகாதே. மத்த எல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காதே. ஜி.எஸ்.டி. ரோட்டுலேருந்து ஒரகடம் ரோட்டுக்குத் திரும்புற இடத்தைக் கொஞ்ச நேரம் நின்னு கவனி. நாப்பது அடி கன்டெய்னர் வண்டி இடது பக்கம் திரும்பணும்னா டிரைவர் முதல்ல வலது பக்கம் ஒதுங்குவார். இடது பக்கம் ஒரு சந்து மாதிரி இடம் திறக்கும். 'அண்ணன் வழி விடறார்'னு நீ உள்ளே நுழைவே. முன் சக்கரம் போன தடத்துல பின் சக்கரம் போகாது, அது உள்ளே வெட்டிக்கிட்டு வரும். நீ நிக்கிற இடத்துக்குத்தான் வரும்.

டிரைவர் கெட்டவர் இல்லை, அவருக்கு நீ தெரியவே மாட்டே. அவ்வளவு உயரத்துல உட்கார்ந்திருக்கிறவருக்கு இடது கதவுக்குக் கீழே, பம்பருக்கு நேர் முன்னாடி, வண்டிக்கு நேர் பின்னாடி, இந்த மூணு இடமும் இருட்டு. முன்னெல்லாம் கிளீனர் இடது பக்கம் தலையை நீட்டி, தட்டிக் கத்துவார். இப்போ நிறைய வண்டியில கிளீனரே கிடையாது. அதனால ஒரு எளிய சோதனை: லாரி கண்ணாடியில டிரைவர் முகம் உனக்குத் தெரியுதா? தெரியலைன்னா அவருக்கும் உன் முகம் தெரியாது. பின்னாடியே நில்லு. சிக்னல்ல முன்னாடி போய் நிக்கணும்னு ஆசைப்பட்டுச் சந்துல புகுந்து போகாதே.

லாரியோட பக்கவாட்டுல, சக்கரங்களுக்கு நடுவுல ஒரு கம்பித் தடுப்பு பார்த்திருக்கியா? சைக்கிள்காரனும் நடந்து போறவனும் அடியில போயிடக் கூடாதுன்னுதான் அது இருக்கணும்னு விதி. வளைஞ்சு, கழண்டு, கயிறு போட்டுக் கட்டினதையும் பார்த்திருப்பே. அதை நம்பிப் பக்கத்துல போகாதே.

ஓரமா நிறுத்தி வச்சிருக்கிற லாரி இன்னொரு எமன். ராத்திரியில பின் விளக்கு இல்லாம வரிசையா நிக்கும். அதைச் சுத்திப் போக நீ வலது பக்கம் வெளியே வர்றப்போதான் பின்னாடி வர்ற வண்டி உன்னைத் தூக்கும். இருபது முப்பது அடி முன்னாடியே பின்னாடி திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, மெதுவா வெளியே வா. வண்டிங்க விடாம வந்துக்கிட்டு இருந்தா இறங்கி நில்லு. பாய்ஞ்சு வெட்டாதே.

கம்பெனி பஸ்ஸும் அப்படித்தான். பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவுல நுழையாதே, கதவு திறந்து அரைத் தூக்கத்துல நாலு பேர் உன் மேலேயே இறங்குவாங்க. ஷிஃப்ட் மாறுற நேரத்துல எல்லா பஸ்ஸும் ஒண்ணா அவசரப்படும். அந்தக் கூட்டத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடியே நீ கிளம்பிடு. காலையில இருபது நிமிஷத் தூக்கம் போச்சேன்னு புலம்பாதே.

3. கண்ணுக்குத் தெரியற மாதிரி போ. யூனிஃபார்ம் கரு நீலம், பை கறுப்பு, ரோடு கறுப்பு. பின்னாடி வர்றவர் எதைப் பார்த்து பிரேக் போடுவார்? இந்தியாவுல சாலை விபத்து அதிகம் நடக்கிறது சாயங்காலம் 6-லேருந்து 9 மணிக்குள்ளன்னு மத்திய அரசோட கணக்கே சொல்லுது. 2022-ல தமிழ்நாட்டுல மட்டும் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம். செத்தவங்க 17,884 பேர்.

செய்ய வேண்டியது மூணே மூணு. சீட்டுக்குக் கீழே மினுக்குற சிவப்பு லைட். முன்னாடி வெள்ளை லைட், ரோட்டைப் பார்க்கறதுக்கு மட்டுமில்லை, குறுக்கே வர்றவனுக்கு நீ தெரியறதுக்கும். அப்புறம் ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். பல கம்பெனியில வேலைக்குன்னு அதைக் கொடுக்கறாங்க, லாக்கர்ல பூட்டி வச்சுட்டு வராதே, போட்டுக்கிட்டு வா. விலைக்கு வாங்கினாலும் ஒரு பிரியாணிக் காசுதான். புது சைக்கிள்ல முன்னாடி, பின்னாடி, சக்கரம், பெடல் எல்லாத்துலயும் ரிஃப்ளெக்டர் இருக்கணும்னு 2020-ல மத்திய அரசு ஆணையே போட்டிருக்கு. அழகு இல்லைன்னு கழட்டிப் போடறியே, உன்னை என்ன சொல்ல.

ஹேண்டில் பார்ல வலது பக்கம் ஒரு கண்ணாடி மாட்டு. நம்ம ஊர் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெத்தியில மூணாவது கண் இருக்கு, அர்ச்சகர் திருமண்ணை விலக்கி தீபத்துல காட்டுவார். உனக்கு முதுகுல கண் கிடையாது, கண்ணாடிதான்.

ஹெல்மெட்டும் போடு. ஆனா அதை மட்டும் நம்பாதே. பென்டியம் சிப் உருவாக்கினவங்கள்ல ஒருத்தர், இன்டெல் கம்பெனியோட இந்தியத் தலைவரா இருந்தவர், அவதார் சைனி. 2024 பிப்ரவரி கடைசியில நவி மும்பையில விடியற்காலை சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போனவரைப் பின்னாலேருந்து ஒரு டாக்ஸி மோதிடுச்சு. உயிர் போயிடுச்சு. ஹெல்மெட் போட்டிருந்தார். கீழே விழுந்தா மண்டையைக் காப்பாத்தத்தான் ஹெல்மெட், மோதாம இருக்கறதுக்கு லைட்டும் வழியும்தான்.

4. ராங் சைடு வேண்டவே வேண்டாம். 'அக்கா, மீடியன் திறப்பு ரொம்ப தூரம், இந்தக் கொஞ்ச தூரம் மட்டும்தான்'னு எல்லாரும் சொல்றதுதான். ஓரமா நிறுத்தின வண்டிக்குப் பின்னாலேருந்து நீ எதிர்ல வருவேன்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. அவங்க வேகமும் உன் வேகமும் சேர்ந்து மோதும். இறங்கித் தள்ளிக்கிட்டு மண் ஓரத்துல நட. தள்ளிக்கிட்டுப் போற வரைக்கும் நீ நடந்து போற ஆளு.

ரோட்டைத் தாண்டுறதும் இப்படித்தான். ஏறி மிதிச்சுக்கிட்டே தாண்டாதே. இறங்கி, நாலு பேரோட சேர்ந்து, ஒரு பாதியைத் தாண்டி மீடியன்ல நின்னு, அடுத்த பாதியைப் பாரு. பக்கத்து லேன்ல ஒரு வண்டி நின்னு வழி விட்டா, அதுக்கு அந்தப் பக்கத்து லேன்ல வர்றது நிக்குமான்னு எட்டிப் பார்த்துட்டு நகரு.

5. வண்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை. தினமும் கிளம்புறப்போ ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பாரு, டயரைக் கட்டை விரலால அமுக்கிப் பாரு. அரை நிமிஷ வேலை. ரிம் ஆடினா கோட்டம் எடுக்கக் கொடு, பிரேக் சரியாப் பிடிக்காது. மாசம் ஒரு தடவை செயினுக்கு எண்ணெய். சமையல் எண்ணெய் ஊத்தாதே, புழுதியைப் பிடிச்சுக்கும்.

டிபன் பையை ஹேண்டில்ல மாட்டாதே, திரும்புறப்போ ஆடி இழுத்துடும், கேரியர்ல கட்டு. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்புல முடிச்சுப் போடு. சேஃப்டி ஷூ கயிறை உள்ளே சொருகு. டபுள்ஸ் மெயின் ரோட்டுல கூடாது. இயர்போன் ஒரு காதுல கூட வேண்டாம். இந்த ரோட்டுல பின்னாடி வர்ற லாரியை முதல்ல பிடிக்கிறது உன் காதுதான்.

6. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற தங்கமே, உனக்குத் தனியா. போறப்போ இருந்த கண்ணு வர்றப்போ இருக்காது. விடிய விடிய ஓட்டிக்கிட்டு வந்த லாரி டிரைவருக்கும் அதே கதைதான். ரெண்டு தூங்குமூஞ்சியும் ஒரே ரோட்டுல சந்திக்க வேண்டாம். முகத்தைக் கழுவி, டீ குடிச்சு, வெளிச்சம் வந்தப்புறம் கிளம்பு. கண்ணு சொருகற நாள்ல சைக்கிளைக் கம்பெனி ஸ்டாண்டுல பூட்டிட்டு பஸ்ல வா. சைக்கிள் எங்கேயும் ஓடிப் போகாது.

பொண்ணுங்க இருட்டு வழியில தனியா வராதீங்க. ஒரே ஷிஃப்ட்டுல நாலு பேர் சேர்ந்து ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க, பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டு வராதீங்க. யாராவது தொந்தரவு பண்ணினா 112, பெண்கள் உதவிக்கு 181. போன் பண்ண வெட்கப்படாதீங்க.

7. ஐப்பசி, கார்த்திகை மழை. தண்ணி நிக்கிற இடம் எல்லாம் குழின்னு நினைச்சுக்கோ. நனைஞ்ச ரிம்ல பிரேக் லேட்டாத்தான் பிடிக்கும். குடை பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கையில ஓட்டறதைப் பார்த்தேன்னா நானே வந்து இறக்கி விட்டுடுவேன். கோடையில தண்ணி பாட்டில், அவ்வளவுதான்.

8. மீறி அடிபட்டா. இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அதனால நான் நீளமாத்தான் சொல்வேன்.

முதல்ல 108. 'பணம் இல்லையே'ன்னு தயங்காதே. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பர் 18-ல நம்ம மாவட்டத்துலயே, மேல்மருவத்தூர்ல தான் தொடங்கி வச்சாங்க. சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம், திட்டத்துல இருக்கிற அரசு, தனியார் ஆஸ்பத்திரிகள்ல, நிர்ணயிச்ச தொகை வரைக்கும் இலவச சிகிச்சை. வெளி மாநிலத்துக்காரங்களுக்கும் உண்டு. உன் ரூம்ல தங்கியிருக்கிற பீகார், ஒடிசா பசங்களுக்கும் இதைச் சொல்லி வை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் பக்கத்துலதான் இருக்கு.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கிறவங்க பெரும்பாலும் அதுல இருப்பீங்க. வீட்டுலேருந்து வேலைக்குப் போற வழியிலயும் வேலை முடிஞ்சு திரும்புற வழியிலயும் நடக்கிற விபத்தையும் வேலையில நடந்த விபத்தாவே எடுத்துக்கணும்னு 2010-ல சட்டத்துல சேர்த்தாங்க. இது தெரியாம நிறைய பேர் சாதாரண லீவுன்னு எழுதிக் கொடுத்துடறாங்க. நோய்ன்னு எழுதினா சம்பளத்துல 70 சதவீதம்தான், வேலை விபத்துன்னு பதிவானா 90 சதவீதம். சூப்பர்வைசர் 'அதெல்லாம் எதுக்கும்மா'ன்னு சொன்னாலும் விபத்து நடந்த அன்னிக்கே கம்பெனிக்கு எழுத்துல கொடு. நேரம், இடம், எந்த ஷிஃப்ட், எல்லாம் எழுது. நேர் வழியில நடந்திருக்கணும், வழியில சினிமா பார்த்துட்டு வந்தேன்னா சிக்கல்தான். உன் இ.எஸ்.ஐ. நம்பரைப் போன்லயும் பர்ஸ்லயும் எழுதி வச்சுக்கோ.

மூணாவது, மோதின வண்டி நம்பர். உனக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னா என்ன, அந்த வண்டிக்கு இருக்கணும். அந்த மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உன்னை மாதிரி ஆளுக்குத்தான். எஃப்.ஐ.ஆர். போட்டு வச்சா தீர்ப்பாயத்துல இழப்பீடு கேட்கறது சுலபம். 'ரெண்டாயிரம் வச்சுக்கோம்மா, கேஸ் வேண்டாம்'னு டிரைவரோ ஓனரோ சொல்வாங்க. எலும்பு முறிவு சில சமயம் மறுநாள்தான் தெரியும், அப்போ அந்த ரெண்டாயிரம் எக்ஸ்ரேவுக்கும் மருந்துக்குமே காணாது. வண்டி நிக்காமப் போயிட்டாலும் விடாதே. 2022 ஏப்ரல்லேருந்து அப்படிப்பட்ட விபத்துல பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போனா குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். அதுக்கும் போலீஸ் புகார் வேணும்.

ரோட்டுல வேற யாராவது அடிபட்டுக் கிடந்தா ஒதுங்கிப் போகாதே. உதவி செஞ்சவங்களைச் சாட்சிக்கு வான்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பேரைச் சொல்றதும் உன் இஷ்டம்.

இவ்வளவையும் இன்னிக்கே செய்யச் சொல்லலை. சம்பளம் வர்ற வரைக்கும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் காத்திருக்கும். அந்தப் பின் லைட் மட்டும் காத்திருக்காது. இன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் சைக்கிள் கடையில நின்னு அதை மாட்டிக்கிட்டே ரூமுக்குப் போ.